அனுமதி கேட்பதே குற்றம்

1991 மே 24, வெள்ளிக்கிழமை. எத்தியோப்பியாவின் சர்வாதிகாரி மெங்கிஸ்து நாட்டைவிட்டு ஓடி மூன்று நாளாகியிருந்தது. கிளர்ச்சிப் படைகள் தலைநகர் அடிஸ் அபாபாவை நெருங்கிக்கொண்டிருந்தன. அங்கே மாதக்கணக்கில் காத்துக் கிடந்த எத்தியோப்பிய யூதர்களை ஏற்றிவர இஸ்ரேல் முப்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை அனுப்பியது. கூடுதலாக ஆட்களை ஏற்றுவதற்காக இருக்கைகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். எல் அல் நிறுவனத்தின் ஒரு ஜம்போ விமானத்தில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் ஏறினார்கள். நடுவானில் குழந்தைகளும் பிறந்தன. சுமார் 36 மணி நேரத்தில் 14,000 பேருக்கு மேல் இஸ்ரேல் வந்து சேர்ந்தார்கள்.

வெள்ளி மாலை சூரியன் சாய்ந்ததும் யூதர்களின் ஓய்வு நாளான சபாத் தொடங்கிவிடும். 1982 முதல் சபாத் நாளில் எல் அல் விமானங்கள் வழக்கமாகப் பறப்பதில்லை. அது அரசாங்கமே எடுத்த முடிவு. அன்று இரவு மட்டும் விமானங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. மதவாதிகள் யாரும் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நின்றிருந்தால்தான் அது மதத்துக்கு விரோதமாகியிருக்கும்.

சபாத்தின் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமானது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். வாரத்தின் ஏழாம் நாளில் செய்யக்கூடாத வேலைகளை யூத மரபு 39 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. நெருப்பு மூட்டக்கூடாது, அணைக்கவும் கூடாது. எழுதக்கூடாது, எழுதியதை அழிக்கக்கூடாது. முடிச்சுப் போடுவதிலும் அவிழ்ப்பதிலும்கூடத் தடைகள் உண்டு. கார் ஓட்டுவதும் மின்விளக்கு போடுவதும் இவற்றுக்குள் வந்துவிடும். ஆசாரமான வீடுகளில் வெள்ளி சாயங்காலம் சமையலறை அடுப்பிலிருந்து கைபேசி வரை எல்லாம் ஓய்ந்துவிடும். பைபிள் காலச் சட்டத்தில் சபாத்தை வேண்டுமென்றே மீறியவனுக்கு மரண தண்டனை. அப்படிப்பட்ட நாளை, ஓர் உயிர் போகலாம் என்ற சந்தேகம் எழுந்த கணத்திலேயே ஓரமாக வைத்துவிட வேண்டும் என்கிறது அதே சட்டம். ‘பிக்குவாஹ் நெஃபெஷ்’ என்று இந்த விதிக்குப் பெயர்.

இந்த விதி கருணை பொங்கி ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் பிணங்கள் இருக்கின்றன. கி.மு. 167-ஐ ஒட்டிய ஆண்டுகளில், செலூக்கிய மன்னன் அந்தியோக்கஸ் யூத வழிபாட்டையே தடைசெய்தபோது, பக்தர்கள் பலர் குடும்பத்தோடு பாலைவனக் குகைகளில் ஒளிந்தார்கள். படைவீரர்கள் ஒரு சபாத் நாளாகப் பார்த்துத் தாக்கினார்கள். குகையில் இருந்தவர்கள் ஒரு கல்லைக்கூட எறியவில்லை, வாசலை அடைக்கவும் இல்லை. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என ஆயிரம் பேர் வரை மாண்டதாக முதலாம் மக்கபேயர் நூல் சொல்கிறது. செய்தி கேட்ட கிளர்ச்சித் தலைவர் மத்தத்தியாவும் அவருடைய கூட்டாளிகளும் உட்கார்ந்து பேசினார்கள். எல்லோரும் இப்படியே செய்தால் சபாத்தைக் கடைப்பிடிக்க ஓர் ஆள் மிஞ்சமாட்டான் என்று கண்டார்கள். இனி சபாத்தில் தாக்கினால் திருப்பி அடிப்பது என்று முடிவானது.

அது போர்க்களத்தில் எடுத்த முடிவு. அதற்கு நூலாதாரம் தேடும் வேலையைப் பின்னால் வந்த யூத மத அறிஞர்களான ரப்பிகள் எடுத்துக்கொண்டார்கள். உயிர் காப்பது சபாத்தை விலக்கும் என்பதற்கு எங்கே சான்று என்று வழிநடையில் சில அறிஞர்களுக்குள் கேள்வி எழுந்த காட்சியை ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதின் யோமா பகுதி விவரிக்கிறது. ஆளுக்கொரு வாதம் வைக்கிறார்கள். ஒரே ஓர் உறுப்பு சம்பந்தப்பட்ட விருத்தசேதனத்துக்கே சபாத் விலகும்போது, முழு உடம்பு ஆபத்தில் இருந்தால் விலகாதா என்கிறார் ஒருவர். ஒரு சபாத்தை மீறினால் அவன் பிழைத்துப் பல சபாத்துகளைக் கடைப்பிடிப்பானே என்று லாபக் கணக்குப் போடுகிறார் இன்னொருவர். கடைசியில், பாபிலோனியாவைச் சேர்ந்த ஷ்முவேலின் வாதம் வருகிறது. லேவியராகமத்தின் 18-ஆம் அதிகாரம் கட்டளைகளைக் கடைப்பிடித்து வாழச் சொல்கிறது, சாகச் சொல்லவில்லை என்கிறார் அவர். மற்ற எல்லா வாதங்களிலும் ஓட்டை உண்டு, ஷ்முவேலுடையதில் மட்டும் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறார் பின்னால் வந்த ராவா. மற்றவை நிச்சயமான ஆபத்துக்கு மட்டுமே பொருந்தும், ஷ்முவேலின் வாதம் சந்தேகமான ஆபத்துக்கும் பொருந்தும் என்பதுதான் காரணம்.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி அந்தச் ‘சந்தேக’த்தில்தான் இருக்கிறது. சபாத் நாளில் ஒரு கட்டடம் இடிந்து விழுகிறது. அடியில் ஆள் இருக்கிறானா இல்லையா, தெரியாது. இருந்தால் உயிரோடு இருக்கிறானா, அதுவும் தெரியாது. இடிபாட்டை அகற்று என்கிறது தல்மூதின் அடிநூலான மிஷ்னா. (மூன்றாவதாக ஒரு சந்தேகமும் அங்கே உண்டு, அதற்குப் பிறகு வருவோம்.) அகற்றி, முகத்தை எட்டி, மூக்கருகே மூச்சு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அவன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டான் என்று தெரிந்தாலும் தோண்டுவதை நிறுத்தக்கூடாது. சாகப்போகிறவனின் ஒரு மணி நேரமும் முழு உயிராகவே கணக்கில் வருகிறது.

அடுத்து வரும் உதாரணங்கள் தெருவில் கண்ணால் பார்த்து எழுதியவை போல இருக்கின்றன. கடலில் குழந்தை விழுந்தால் வலை வீசித் தூக்கலாம். கூடவே மீன் சிக்கி, மீன்பிடித்த குற்றம் சேர்ந்தாலும் பரவாயில்லை. பள்ளத்தில் விழுந்தால் மண்ணை வெட்டிப் படி அமைத்து ஏற்றலாம். உள்ளே மாட்டிக்கொண்டு கதவு பூட்டிக்கொண்டால் கதவை உடைக்கலாம். உடைந்த சிராய்கள் விறகுக்கு உதவினால் உதவட்டும். ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனை, விரைந்து செய்பவன் பாராட்டுக்குரியவன், நீதிமன்றத்தில் அனுமதி பெறத் தேவையில்லை என்பது. பிரசவ அறை உதாரணம் இதையும் தாண்டிப் போகிறது. பிரசவிக்கும் பெண் பார்வையற்றவளாக இருந்தாலும் சபாத்தில் அவளுக்காக விளக்கு ஏற்றலாம். அவளுக்கு வெளிச்சத்தால் பயனில்லைதான். உடன் இருப்பவர்களுக்குக் கண் தெரிகிறது, தேவையானதைச் செய்வார்கள் என்று அவள் மனம் அமைதியடைய வேண்டும். பேறுகாலத்தில் பயமே உயிரைக் குடிக்கலாம் என்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே யாரோ கவனித்திருக்கிறார்கள்.

பலஸ்தீனத்தில் தொகுத்த தல்மூத் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. ஆபத்து நேரத்தில் விரைந்து செய்பவனுக்குப் பாராட்டு. இது கூடுமா கூடாதா என்று கேட்டுக்கொண்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறவன். அவன் கேள்வி கேட்ட ரப்பிக்கும் அவமானம். தன் மக்களுக்கு இதை முன்பே சொல்லிக் கொடுக்காமல் விட்டதால்தானே கேள்வி வந்தது! எந்த மதத்திலும் குருமார்கள், தங்களிடம் கேட்டுச் செய்யச் சொல்வதுதான் வழக்கம். இங்கே கேட்பதையே குற்றமாக்கியிருக்கிறார்கள்.

12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் இதைச் சட்டத் தொகுப்பாக எழுதியபோது இன்னொரு கதவையும் சாத்தினார். நோயாளிக்காகச் சபாத்தை மீறும் வேலையைக் குழந்தைகளிடமோ யூதரல்லாத பக்கத்து வீட்டுக்காரரிடமோ தள்ளிவிடக்கூடாது. ஊரின் பெரிய மனிதர்களும் அறிஞர்களுமே முன்னின்று செய்ய வேண்டும். வேறு யாரையாவது வைத்துச் செய்தால், இது ஏதோ பாவம், தவிர்க்க முடியாமல் செய்கிறோம் என்ற எண்ணம் ஊரில் பரவும். அடுத்த முறை ஆபத்து வரும்போது யாராவது தயங்குவார்கள். வேதமான தோராவின் சட்டங்கள் உலகத்தைப் பழிவாங்க வந்தவையல்ல என்றும் அதே இடத்தில் எழுதினார். அவர் கெய்ரோவில் அரசவை மருத்துவர். நோயாளிகள் தம் வீட்டு வாசலில் வரிசை கட்டுவதைக் கடிதத்தில் புலம்பியவர். நேரத்தின் அருமை அவருக்குத் தெரியும்.

யோம் கிப்பூர் நோன்பிலும் இதே தர்க்கம்தான். ஆண்டின் மிகப் புனிதமான நாள் அது. சுமார் 25 மணி நேரம் சோறு தண்ணீர் எதுவும் கிடையாது. சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நோயாளி சொல்லி, வேண்டியதில்லை என்று நூறு மருத்துவர்கள் சொன்னாலும் நோயாளியின் பேச்சே எடுபடும். அவர் வேண்டாம் என்று சொல்லி, மருத்துவர் வேண்டும் என்றால் மருத்துவர் பேச்சு. எப்படிப் போனாலும் சட்டம் சாப்பாட்டின் பக்கமே சாய்கிறது. இன்றைக்கும் சில நோயாளிகளுக்கு, ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை 30 மில்லி அளவு உணவு என்று பிரித்துக் கொடுத்து நோன்பின் கனத்தைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. அந்தச் சிறு அளவு போதாது என்றால் தட்டு நிறையச் சாப்பிட வேண்டியதுதான்.

1848-இல் வில்னா நகரைக் காலரா சூறையாடியது. ஒழுக்க நெறி இயக்கத்தின் நிறுவனரான ரப்பி இஸ்ரேல் சாலன்டர், அந்த ஆண்டு யோம் கிப்பூரில் யாரும் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம், தொழுகையைச் சுருக்குங்கள், வெளிக்காற்றில் உலவுங்கள் என்று அறிவிப்பு ஒட்டினார். தொழுகைக்கூடத்தின் மேடையிலேயே நின்று அவர் உண்டு காட்டியதாக ஒரு கதை உண்டு. அது எந்த அளவுக்கு உண்மை என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. எபிரேய எழுத்தாளர் டேவிட் ஃப்ரிஷ்மன் அதைச் சிறுகதையாக்கிப் புகழ்பெறச் செய்தார். நடந்ததோ இல்லையோ, பெரியவர் முன்னின்று மீற வேண்டும் என்ற மைமோனிடிஸின் விதியை மக்கள் அந்தக் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

உயிரைக் காத்தாயிற்று. காத்தவன் எப்படி வீடு திரும்புவது? ஆபத்து முடிந்துவிட்டதால் சபாத் மீண்டும் அமலுக்கு வந்துவிடுமே! நியாயமான கேள்விதான். ஆரம்ப காலத்தில், மாதப் பிறப்பை முடிவுசெய்யப் பிறை பார்த்த சாட்சி சொல்ல ஜெருசலேமுக்கு வந்தவர்கள் சபாத் முடியும்வரை அங்கேயே கட்டுண்டு கிடந்தார்கள். மூத்த கமாலியேல் அதை மாற்றி, எந்தத் திசையிலும் இரண்டாயிரம் முழம் நடக்க அனுமதித்தார். பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சிக்கும், தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் மீட்க வந்தவர்களுக்கும் அதே சலுகை. ஆயுதம் பற்றிய சம்பவம் இன்னும் கொடூரமானது. எதிரிகளை விரட்டப் போன ஊர்க்காவலர்கள், திரும்பும்போது ஆயுதத்தைச் சுமந்தால் சபாத் மீறலாகும் என்று, மதிலோரம் இருந்த முதல் வீட்டில் போட்டுவிட்டுப் போவது வழக்கம். எதிரிகள் இதைக் கவனித்துவிட்டார்கள். ஒரு நாள் திடீரென்று துரத்தியபோது எல்லோரும் ஆயுதத்துக்காக அந்த ஒரே வீட்டுக்குள் முண்டியடித்தார்கள். எதிரி கொன்றதைவிட நெரிசலில் அவர்களே ஒருவரையொருவர் கொன்றது அதிகம். அன்றிலிருந்து ஆயுதத்தோடு வீடு திரும்பலாம் என்றானது.

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1960-களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் ஹாட்ஸலா என்ற தன்னார்வ ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. தொண்டர்கள் ஆசார யூதர்கள். சபாத் விருந்தின் நடுவே வாக்கிடாக்கி அலறினால் எழுந்து கார் ஓட்டிப் போவார்கள். நோயாளியை மருத்துவமனையில் சேர்த்த பிறகு அதே காரில் திரும்பலாமா? கூடாது என்றால், பனிக்கால இரவில் மனைவி மக்களை விட்டு மருத்துவமனை வரவேற்பறையில் மறுநாள் இரவு வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் வாக்கிடாக்கி அலறும்போது கால் கொஞ்சம் தயங்கும். ரப்பி மோஷே ஃபெயின்ஸ்டைன் ஆயுத வீட்டுக் கதையையும் மருத்துவச்சி விதியையும் அடிப்படையாக வைத்து, ஓட்டிக்கொண்டே திரும்பலாம் என்றார். ஜெருசலேமின் ரப்பி ஷ்லோமோ ஸல்மான் ஆவர்பாக் அவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லை. இருவரும் 20-ஆம் நூற்றாண்டின் மாபெரும் சட்ட அறிஞர்கள். ஃபெயின்ஸ்டைன் கண்டது தொண்டரின் மனதை. அந்தப் பார்வையே கூர்மையானது என்று தோன்றுகிறது.

1902-இல் தொடங்கிய ஜெருசலேமின் ஷாரே ஸெதெக் மருத்துவமனையில் இந்த விவாதங்கள் அன்றாட நடைமுறை. அவசரமில்லாத குறிப்புகளை எழுத, சில நாளில் மை மறைந்துவிடும் பேனாவைக்கூட ஸோமெட் என்ற நிறுவனம் தயாரித்திருக்கிறது. நிரந்தர எழுத்துக்குத்தான் பெரிய தடை என்பதால் இந்த உத்தி. வெளியாளுக்கு இது கடவுளையே ஏமாற்றும் வேலையாகத் தெரியலாம். மாரடைப்போடு வருபவரிடம் இந்தப் பேனா வெளியே வராது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி, தள்ளிவைத்த மூன்றாவது சந்தேகம். இடிபாட்டில் கிடப்பவன் யூதனா, அந்நியனா என்று தெரியாவிட்டாலும் தோண்டு என்கிறது மிஷ்னா. அப்படியானால் அந்நியன்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால்? பழைய சட்டம் அங்கே சபாத்தை விலக்கவில்லை. சிலை வணங்கும் பேரரசுகளின் கீழ் நசுங்கிக் கிடந்த சிறுபான்மையின் சட்டம் அது என்று விளக்கம் சொல்லலாம். ஆனாலும் அது கறைதான். 1300-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென் பிரான்சின் ரப்பி மெயிரி, ஒழுக்க நெறிக்குக் கட்டுப்பட்டு வாழும் எந்த இனத்தாருக்கும் அந்தப் பழைய பாகுபாடு பொருந்தாது என்று எழுதினார். பெரும்பான்மை அவர் வழியில் போகவில்லை. யூதரல்லாதவரைக் கைவிட்டால் பகை மூளும், அமைதி கெடும் என்ற சுற்றுவழியில்தான் அனுமதி வந்தது. 1965-இல் வேதியியல் பேராசிரியர் இஸ்ரேல் ஷஹாக் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். சபாத்தில் மயங்கி விழுந்த யூதரல்லாத ஒருவருக்கு ஆம்புலன்ஸ் அழைக்க, ஆசார யூதர் ஒருவர் தன் தொலைபேசியைத் தர மறுத்தார் என்றது அந்தக் கடிதம். பெரும் அமளி கிளம்பியது. அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்று ரப்பி இம்மானுவேல் ஜாகோபோவிட்ஸ் எழுதினார். தலைமை ரப்பி உண்டர்மன், யூதரல்லாதவருக்காகவும் சபாத்தை மீற வேண்டும் என்று விளக்கினார். இன்று இஸ்ரேலிய மருத்துவமனைகளில் சபாத் இரவில் அரபு நோயாளிக்கு யூத மருத்துவரும், யூத நோயாளிக்கு அரபு மருத்துவரும் சிகிச்சை செய்வது சாதாரணம். நடைமுறை எப்போதோ முன்னேறிவிட்டது. அதற்குச் சொல்லப்படும் காரணம் பல நூல்களில் இன்னும் பழையதாகவே இருக்கிறது.

உயிருக்காக எதையும் மீறலாம் என்றாலும் மூன்று விலக்குகள் உண்டு: சிலை வழிபாடு, தகாத உறவு, கொலை. ரோமானிய அடக்குமுறைக் காலத்தில் லோத் நகரில் ஒரு வீட்டு மாடியில் ரப்பிகள் கூடி வாக்கெடுத்து இதை முடிவு செய்தார்கள். கொலைக்கான விளக்கம் எளிமையானது. இன்னொருவனைக் கொல், இல்லாவிட்டால் உன்னைக் கொல்வேன் என்று ஊர் அதிகாரி மிரட்டுவதாக ஒருவன் வந்து முறையிட்டபோது, உன் இரத்தம் அவன் இரத்தத்தைவிடச் சிவப்பு என்று யார் சொன்னது என்று ராவா கேட்டார். 16-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் ரப்பி தாவீத் இப்னு ஸிம்ராவிடம் வந்தது வேறு கேள்வி. உன் உறுப்பு ஒன்றை வெட்டிக்கொள்ள விடாவிட்டால் உன் நண்பனைக் கொல்வேன் என்று ஆட்சியாளன் சொன்னால்? விட்டுக்கொடுத்தால் போற்றத் தக்கது, ஆனால் கடமையில்லை. உன் உயிருக்கே ஆபத்து என்றால் அது முட்டாள்தனமான பக்தி என்றார் அவர். உயிரோடு இருப்பவர் சிறுநீரகம் தருவதைப் பற்றிய இன்றைய யூத மருத்துவ அறம் பெரும்பாலும் இந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது.

இறந்தவரின் இதயம் என்றால் சிக்கல் முற்றுகிறது. மூக்கருகே மூச்சைப் பார் என்ற இடிபாட்டு விதியைக் கொண்டு, தானாக மூச்சுவிடும் திறன் மீளமுடியாமல் நின்றுவிட்டால் மரணம்தான் என்று 1986-இல் இஸ்ரேலின் தலைமை ரப்பிமன்றம் மூளைச்சாவை ஏற்றது. ஆவர்பாக் உட்பட வேறு பெரியவர்கள் ஏற்கவில்லை. விளைவு விநோதமானது: உறுப்பைப் பெறுவது உயிர் காப்பது, அதனால் கூடும், கொடுப்பது கொலை, அதனால் கூடாது! இப்படி வெளிப்படையாகவே சொன்ன நோயாளிகளைக் கண்டு கொதித்த இதய அறுவை நிபுணர் ஜேக்கப் லாவி எழுப்பிய யோசனைதான் 2008-ஆம் ஆண்டுச் சட்டமானது. உறுப்பு தான அட்டையில் கையெழுத்திட்டவருக்குக் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. சந்தேகம் வந்தாலே போதும், கேட்டுக்கொண்டு நிற்காதே என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் படித்துவந்த சமூகம் முதல் ஆளாக வாசலைச் சாத்தியிருக்க வேண்டும். நடந்தது வேறு. பள்ளிகளை மூட அரசு உத்தரவிட்டபோது, பினே பிராக் நகரின் மூத்த ரப்பி ஹயிம் கனியெவ்ஸ்கியிடம் தோராப் பள்ளிகளையும் மூடலாமா என்று பேரன் கேட்பதும், வேண்டாம் என்று அவர் சொல்வதும் காணொளியாகப் பரவின. அப்போது அவருக்கு 92 வயது, வெளியுலகச் செய்தி எதையும் நேரடியாக அறியாதவர். உதவியாளர்கள் சொன்ன அளவில்தான் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. சுமார் இரண்டு வாரத்தில் அவரே மாற்றிச் சொன்னார்: கூடித் தொழாதீர்கள், தனியாகத் தொழுங்கள். அதற்குள் காலம் கடந்திருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் பினே பிராக்கை அரசு முற்றுகையிட்டு மூடியது. அவர் மேல் மட்டும் பழிபோடுவது நியாயமில்லை. கேட்கப் போன கூட்டம்தான் பழைய விதியை மறந்திருந்தது. எதையும் பெரியவரிடம் கேட்டே செய்வது என்ற பிற்காலப் பழக்கம், கேட்காதே என்ற மூல விதியை விழுங்கிவிட்டிருந்தது. அதே வாரங்களில் வேறு பல ரப்பிகள் யாரும் வந்து கேட்கக் காத்திராமல் தங்கள் தொழுகைக்கூடங்களைப் பூட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஏப்ரலில் கொரோனாவுக்குப் பலியானவர்களில் ரப்பி யெஷயாஹு ஹெபெர் ஒருவர். தானே மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்ந்தவர். டயாலிசிஸ் அறையில் அறிமுகமான ஓர் இளைஞன் பிழைக்காமல் போனதைக் கண்டு, 2009-இல் ‘மத்னத் ஹயிம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முன்பின் அறியாதவருக்குச் சிறுநீரகம் கொடுக்க ஆட்களைத் திரட்டினார். அந்த அமைப்பின் வழியே இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மதப்பற்றுள்ளவர்கள். உறுப்பு தானத்தில் பின்தங்கியவர்கள் என்று பெயரெடுத்த வட்டாரத்துக்குப் பக்கத்திலிருந்தே, உயிரோடு இருக்கும்போது உறுப்பைக் கொடுப்பவர்கள் வந்தார்கள்.

ஆனால் தம் சிறுநீரகம் யூதருக்கே போக வேண்டும் என்று நிபந்தனை வைக்க அந்த அமைப்பு கொடையாளிகளை அனுமதிக்கிறது. அரசு மருத்துவமனைகளில், பொதுப் பணத்தில் நடக்கும் அறுவை சிகிச்சைக்கு இப்படியொரு நிபந்தனையா என்ற எதிர்ப்பு இஸ்ரேலிலேயே பலமாக உண்டு. நிபந்தனை இல்லையென்றால் பலர் கொடுக்கவே முன்வரமாட்டார்கள், ஒருவர் பெற்றுக்கொண்டு விலகினால் வரிசையில் நிற்கும் எல்லோரும் ஓர் இடம் முன்னே நகர்கிறார்கள் என்பது அமைப்பின் பதில். கணக்காகப் பார்த்தால் அது சரியாகவே வருகிறது. உண்டர்மன் சொன்னதோடும் மெயிரி அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதியதோடும் அது எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடையில்லை.